அண்ணாச்சியின் அல்வாக் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

அண்ணாச்சிக்கு வயது 56. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். சைவக் குடும்பம். இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மி.கி., காலையில் அதோடு கிளிமிபிரைடு 2 மி.கி. பொங்கல் கழிந்து, உணவு ஆலோசகரான என்னிடம் வந்தபோது கையிலிருந்த சீட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 168, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 271, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1. எடை 79 கிலோ. சிறுநீரகம் நன்றாக இருந்தது, கண்ணிலும் பாதிப்பு இல்லை. ஆள் தெரியாமலிருக்க ஊரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன்.

அனுப்பிய மருத்துவர் சீட்டின் ஓரத்தில் "மாவுச்சத்தைக் குறைக்க உதவவும்" என்று எழுதியிருந்தார். அண்ணாச்சி அதற்குள் போகவே விடவில்லை. "தாயி, அல்வாவை விடச் சொன்னீங்கன்னா இப்பமே எந்திரிச்சுப் போயிருதேன். மத்தபடி என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கேக்குதேன்."

விடச் சொல்லப் போவதில்லை என்றேன். அவருக்கே நம்பிக்கை வரவில்லை, கூட வந்திருந்த அவர் மனைவிக்கு, அதாவது மைனிக்கு, சுத்தமாக வரவில்லை.

சாப்பாட்டில் என்ன இருந்தது

"எங்க வீட்ல சீனி டப்பாவே கிடையாது" என்று மைனி சொன்னார். உண்மைதான். சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே சீனியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக உடன்குடிக் கருப்பட்டி. காலையில் எழுந்ததும் ஒன்று, கடைக்குப் போனதும் ஒன்று, மதியத் தூக்கம் கலைந்து ஒன்று, கடை அடைக்கும் முன் ஒன்று என்று நாலு கருப்பட்டிக் காபி.

ஒரு காபிக்குப் போடும் அளவை வீட்டில் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். ஏறக்குறைய 15 கிராம். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, தனி மணமும் ருசியும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். நாலு காபியில் ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் போகிறது.

அல்வா எப்படி என்று கேட்டேன். சரக்கு எடுக்க சனிக்கிழமைதோறும் டவுனுக்குப் போவார். நெல்லையப்பர் கோயில் பக்கம் சாயங்காலம் சூடாக 100 கிராம் வாங்கி, நின்றபடியே இலையில் வைத்துத் தின்றுவிட்டு வருவார். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசிக்கொள்வதில்லை. அந்த 100 கிராம் அல்வாவில் சீனியும் கோதுமை மாவுச்சத்தும் சேர்ந்து பாதி எடைக்கு மேல் இருக்கும். அதாவது வாரத்தில் ஒரு நாள் குற்ற உணர்வோடு தின்ற அல்வாவுக்குச் சமமான ஒன்றை, தினமும் எந்த உறுத்தலும் இல்லாமல் காபியில் குடித்துக்கொண்டிருந்தார்.

மற்றதையும் கூட்டிப் பார்த்தோம், சீனியையும் மாவுச்சத்தாகவே எண்ணி. காலையில் அஞ்சு இட்லி, சுமார் 50 கிராம் மாவுச்சத்து. மதியம் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு 350 கிராம் வரும். அது 100 கிராம். சாயங்காலம் கடைப் பையன் வாங்கி வரும் வாழைக்காய் பஜ்ஜி. ராத்திரி நாலு தோசை, படுக்கும் முன் மலச்சிக்கலுக்கு என்று ஒரு வாழைப்பழம். மொத்தம் 300 கிராமைத் தாராளமாகத் தாண்டியது. இது அண்ணாச்சியின் பிரச்சினை மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2025இல் சொன்னபடி, நம் நாட்டில் சாப்பாட்டிலிருந்து வரும் சக்தியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. நெல்லைச் சீமையில் தாமிரபரணிப் பாசனத்தில் மூணு வேளையும் அரிசிதான்.

மாவுச்சத்தைக் குறைத்த உணவு என்றால் பொதுவாக நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே. ரத்தச் சர்க்கரையை இறக்க அதிகச் சான்று உள்ள வழி மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதுதான் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019 அறிக்கை சொல்கிறது. இருபது, முப்பது கிராம் என்று அடியோடு வெட்டும் கீட்டோ முறையும் இருக்கிறது. சைவச் சமையலில், கல்யாணமும் கோயிலும் உள்ள ஊரில், அது ஒரு மாதம் கூடத் தாங்காது என்பது என் எண்ணம். 120 கிராமை இலக்காக வைத்தோம். அதற்குள் இனிப்புக்கும் ஓர் இடம்.

காலையில் இரண்டு இட்லியோடு ஒரு கிண்ணம் சுண்டல். மதியம் ஒரே ஒரு கப் சோறு, கூடவே அவியல், கீரை, பன்னீர் அல்லது சோயா, கெட்டித் தயிர். ராத்திரி ஒரு அடை, காய். காபியில் கருப்பட்டி இல்லை. இந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் முகம் சுருங்கியது.

கடையில் ஒரு மயக்கம்

சாப்பாட்டை மாற்றும் முன் மருத்துவரிடம் போய் மாத்திரையைச் சரி பண்ணிக்கொள்ளுங்கள் என்று எழுதியே கொடுத்திருந்தேன். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சோற்றைப் பாதியாக்கிவிட்டு மாத்திரையை முழுசாகப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும்.

அண்ணாச்சிக்கு அவசரம். மருத்துவரைப் பார்க்க வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்தது, ஆரம்பித்தது திங்கட்கிழமை. அதுவும் நான் சொன்ன இரண்டு இட்லியையும் விட்டுவிட்டு, வெள்ளரிக்காயும் தயிரும் மட்டும். அவருடைய மச்சான் வாட்ஸ்அப்பில் ஏதோ வீடியோ அனுப்பியிருந்தாராம். பதினொன்றரை மணிக்குக் கடையில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவருக்குக் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, பேச்சு குழறியது. கடைப் பையன் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான், சுகர்காரர் என்பதால் சீனி போடாத டீ! நல்லவேளை, துணி எடுக்க வந்த ஒரு அம்மா விவரமானவர். "சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுங்கல" என்று அதட்டி, பக்கத்து டீக்கடையிலிருந்து வாங்கிக் கரைத்துக் கொடுத்திருக்கிறார். அதற்கு அப்புறம்தான் வீட்டிலிருந்து கருவியைக் கொண்டுவந்து குத்திப் பார்த்தார்கள். சீனித் தண்ணீர் உள்ளே போன பிறகும் 63 காட்டியது.

70க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டிச் சீனி, அதாவது 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்ற சீனி மாற்றுகள் எதுவும் அங்கே உதவாது. அல்வாகூட உதவாது, அதிலுள்ள நெய் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். சாப்பாட்டுக்கு முன் போடும் அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைக்காரர்களுக்குச் சீனியும் சட்டென்று வேலை செய்யாது. அவர்கள் குளுக்கோஸ் பொடியே வைத்திருக்க வேண்டும்.

மருத்துவர் கிளிமிபிரைடை 1 மி.கி. ஆக்கினார், சில வாரத்தில் நிறுத்தினார். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் தாழ்சர்க்கரை அரிது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்கள் மாவுச்சத்தை ரொம்பவும் வெட்டினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுத் தாமாக எதையும் தொடங்க வேண்டாம். வீட்டில் ஒன்பது ஆண்டாகத் துரத்தப்பட்ட சீனி, இப்போது ஒரு சின்னப் பொட்டலமாக அண்ணாச்சியின் கல்லாப் பெட்டியில் இருக்கிறது.

அல்வாவை எங்கே வைப்பது

சம்பா கோதுமையை ஊற வைத்து, அரைத்து, பால் பிழிந்து, தெளிய வைத்து, சீனியும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது நம் அல்வா. கோதுமையைவிடச் சீனி இரண்டு மடங்குக்கு மேல் விழும். 25 கிராம் அல்வாவில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்தோம். அரை கப் சோற்றுக் கணக்குக்குள் அடங்கும். ஆக, சனிக்கிழமை மதியம் அரை கப் சோறு குறையும், அந்த இடத்தில் அல்வா வரும்.

"நூறு கிராம் எங்க, இருபத்தஞ்சு எங்க!" என்றார். அதற்குக் குறைவாகக் கடையில் கேட்க வெட்கமாக இருக்கிறதாம். வாங்குங்கள், ஆனால் அங்கே நின்று தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், மைனி பங்கு வைப்பார் என்றேன். சீனியும் நெய்யும் நிறைய இருப்பதால் சில நாளைக்குக் கெட்டுப்போகாது.

அப்புறம் கருவியை வைத்துப் பார்த்தார். இந்த வேலையில் அண்ணாச்சிக்கு நிகர் கிடையாது, கடைக் கணக்கு எழுதுகிற கை. 25 கிராம் அல்வாவைச் சாயங்காலம் வெறும் வயிற்றில் தின்றபோது 128 இருந்த சர்க்கரை ஒரு மணி நேரத்தில் 203 ஆனது. அதே 25 கிராமை மதியச் சாப்பாட்டின் கடைசியில், காய், கீரை, பன்னீர் எல்லாம் தின்று, சோற்றை அரை கப்பாக்கிய பிறகு தின்றபோது 126இலிருந்து இரண்டு மணி நேரத்தில் 161. அல்வாவே இல்லாமல், பழைய வழக்கப்படி மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்ட ஒரு கல்யாண நாளில் 224.

மூன்றாவது எண்ணைப் பார்த்துத்தான் மைனி வாயடைத்துப் போனார். காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்ற வரிசை சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும் என்பது ஆய்வுகளில் கண்டதுதான். சாப்பிட்டதும் நடந்தால் தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். வாய்க்கால் கரையோரம் இருபது நிமிடம் நடந்த சனிக்கிழமை 149 வந்தது. வீட்டுக் கருவி ஆய்வகச் சோதனையிலிருந்து 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்பதால் 161க்கும் 149க்கும் உள்ள வித்தியாசத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. 224ஐ எடுத்துக்கொண்டேன்.

அடுப்படிச் சோதனைகள்

வாரத்தில் ஒரு நாள் போதாது என்பது தெரிந்ததே. மற்ற நாளைக்கு என்ன? இங்கே மைனி கையில் எடுத்துக்கொண்டார்.

முதலில் அவர் செய்து பார்த்தது சீனி இல்லாத அல்வா. கோதுமைப் பால், நெய், சுக்ரலோஸ் பொடி. "கஞ்சிப் பசை மாதிரி ஒட்டிக்கிட்டு, சுவத்துல போஸ்டர் ஒட்டலாம் போல" என்று சொல்லிச் சிரித்தார். அல்வாவில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. அதன் எடையே சீனிதான். பளபளப்பும், தண்ணீரைப் பிடித்து வைப்பதும், நாள் தாங்குவதும் அதனால்தான். சீனியைவிட 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் ஒரு சிட்டிகை அந்த வேலையைச் செய்யாது. செய்தாலும் கோதுமை மாவுச்சத்து அப்படியே உள்ளே இருக்கும். லட்டு, ஜாங்கிரி, பாதுஷா, அதிரசம், முந்திரிக்கொத்து எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அடிப்படையே மாவாக இருக்கும் பலகாரத்தில் சீனியை மட்டும் எடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே நிற்கும்.

அதனால் மாவே இல்லாத பலகாரமாகத் தேடினோம். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்த தூத்துக்குடி மக்ரூன் நல்ல தேர்வு. ஆனால் முட்டை அந்த அடுப்படிக்குள் வராது. தேங்காய், பால், நிலக்கடலை, உளுந்து மிஞ்சின.

திரட்டுப்பால் முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. ஒரு லிட்டர் பாலை அடிபிடிக்காமல் சுண்டக் காய்ச்சினால் 200 கிராம் போல வரும், பாலிலுள்ள லாக்டோஸே லேசாக இனிக்கும். ஏலக்காயும் ஒரு துளி ஸ்டீவியாவும் போதும். லாக்டோஸும் சர்க்கரைதான், கணக்கில் வர வேண்டும்: ஒரு லிட்டரில் ஏறக்குறைய 48 கிராம், அப்படியானால் 20 கிராம் திரட்டுப்பாலில் 5 கிராம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு இது ஈடில்லை என்று அண்ணாச்சி சொன்னார். ஈடு என்று யாரும் சொல்லவில்லை.

தேங்காய் பர்பிக்கு எரித்ரிட்டால் என்ற சீனி மாற்று வாங்கினார்கள். சீனியைப் போலவே அள்ளிப் போடலாம், இனிப்பு முக்கால் பங்கை எட்டாது, ரத்தச் சர்க்கரையை ஏற்றாது, பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். தொல்லை வேறு இடத்தில். ஆறினதும் மணல் மணலாகப் பூக்கும், நாக்கில் பச்சைக் கற்பூரம் பட்டதுபோல ஜில்லென்று இருக்கும். மைனி எரித்ரிட்டாலைப் பாதியாக்கி, ஸ்டீவியா கொஞ்சம் சேர்த்து, கட்டுவதற்குத் திரட்டுப்பாலைக் கலந்தார். அதில் சரியாக வந்தது. ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக இருந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வந்தது. காரணம் அதுதான் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை, ஆனாலும் தினம் கிண்ணம் கிண்ணமாகத் தின்னும் பண்டமாக அதை நான் ஆக்க மாட்டேன்.

உளுந்தங்களி மைனியின் சொந்த யோசனை. கறுப்பு உளுந்து மாவு 40 கிராம், நல்லெண்ணெய், ஒரு துண்டு கருப்பட்டி, மீதி இனிப்புக்கு ஸ்டீவியா. அரிசி சேர்க்கவில்லை. உளுந்திலும் மாவுச்சத்து உண்டு, ஆனால் நாரும் புரதமும் கூடவே இருப்பதால் இரண்டு மணி நேரத்தில் 35 புள்ளிதான் ஏறியது. இதை அண்ணாச்சி காலைச் சாப்பாடாகவே ஆக்கிக்கொண்டார், இட்லிக்குப் பதில். அந்தத் துண்டுக் கருப்பட்டி 5 கிராம். அதன் மணம் இல்லாவிட்டால் களியே இல்லை என்று மைனி பிடிவாதம் பிடித்தார், நானும் விட்டுவிட்டேன்.

வெயில் காலத்தில் நுங்கு வந்தது. பெரும்பாலும் தண்ணீர்தான், இரண்டு மூன்று கண் தாராளமாகத் தின்னலாம். பதநீர் அப்படியில்லை. நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை, ஒரு தம்ளரில் 20 கிராம் தாண்டும். பதநீரில் நுங்கு போட்டுக் குடிக்கும் வழக்கத்தில் நுங்கை மட்டும் வைத்துக்கொண்டோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஆசைக்கு வறுத்த கடலையும் எள்ளும் இடித்து, ஒரே ஒரு பேரீச்சம்பழம் போட்டுப் பிடித்த சின்ன உருண்டை.

காபிக்கு மட்டும் எந்த மாற்றும் எடுபடவில்லை. ஸ்டீவியா கசக்கிறது, இனிப்பு மாத்திரை பிடிக்கவில்லை. கடைசியில் நாலு காபி இரண்டாகி, இரண்டும் கடுங்காபியாகிவிட்டது, இனிப்பில்லாமல். அதற்கு அவர் பழகிய வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

சுகர் ஃப்ரீ டப்பா

சென்னையிலிருக்கும் மகள் அப்பாவுக்கென்று இரண்டு டப்பா 'சுகர் ஃப்ரீ' இனிப்பு அனுப்பியிருந்தாள். அண்ணாச்சி ஒரே இருப்பில் ஆறு துண்டு தின்றார். ராத்திரி முழுக்க வயிறு பொருமல், பேதி, காலையில் சர்க்கரை 190.

டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். சீனி இல்லை, அது சரி. கடலை மாவு, மைதா, மால்டிட்டால். மால்டிட்டால் என்ற சீனி மாற்று, சீனியில் பாதியளவு சக்தி தரும், ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும், அதிகமானால் குடலைக் கலக்கும். நம் நாட்டில் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லை என்றால் 'சுகர் ஃப்ரீ' என்று அச்சிடலாம். மாவைப் பற்றி அந்த வார்த்தை எதுவும் சொல்வதில்லை. பின்பக்கம் மொத்த மாவுச்சத்து 58 கிராம் என்று பொடி எழுத்தில் இருந்தது. அன்றிலிருந்து அண்ணாச்சி டப்பாவைத் திருப்பி, அந்த ஒரு வரியைத்தான் பார்க்கிறார். பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து

நடுவில் பங்குனி உத்திரம் வந்தது. சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்ப் பொங்கலிட்டு, சர்க்கரைப் பொங்கலை மனசார இரண்டு தொன்னை சாப்பிட்டார். 246. மறுநாள் பட்டினி கிடக்கவில்லை, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினார். அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை.

சித்திரை முடிவில் எடுத்த சோதனையில் ஹெச்பிஏ1சி 7.2. வெறும் வயிற்றில் 119, சாப்பிட்ட பின் 166. எடை நாலரை கிலோ குறைந்திருந்தது. ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 240இலிருந்து 155க்கு இறங்கியது. சர்க்கரைக்கு மாத்திரை மெட்ஃபார்மின் மட்டும்.

கெட்ட கொழுப்பான எல்டிஎல் மட்டும் 104இலிருந்து 139க்கு ஏறியிருந்தது. தேங்காய் பர்பியும் திரட்டுப்பாலும் நெய்யும் காரணமாக இருக்கலாம். விசாரித்ததில், "சாப்பாட்டை மாத்திட்டோம்லா" என்று கொழுப்பு மாத்திரையையும் அவராகவே நிறுத்தியிருந்தது தெரிந்தது. மருத்துவர் அதைத் திரும்பப் போடச் சொன்னார், நான் பர்பியை நிறுத்தினேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ததால் எதனால் ஏறியது என்று இனிப் பிரித்துச் சொல்ல வழியில்லை. இதயத்தை வைத்துப் பரிசோதனை நடத்த எனக்கு மனமில்லை.

இன்னொன்று, கூடவே சோதித்துக்கொண்ட மைனிக்கு ஹெச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது. நீரிழிவு இல்லை, அதன் வாசலில் நிற்கும் எண். சோற்றுக் கணக்கு இப்போது இரண்டு தட்டுக்கும். சனிக்கிழமை அல்வாவும் இரண்டாகப் பிரிகிறது, மீதி 50 கிராம் கடைப் பையன்களுக்கு. ஆனித் திருவிழா கழிந்து அடுத்த ரத்தச் சோதனை. எல்டிஎல் இறங்கியிருந்தால் பர்பி வாரத்துக்கு இரண்டு துண்டாகத் திரும்ப வரும், இல்லையென்றால் கடலை உருண்டைதான் என்று சொல்லியிருக்கிறேன்.